பெக்கோ வருமுன் தோண்டுபவர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒவ்வொரு வருடமும் சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் வரலாறு படிப்பிக்கும் எங்களைத் தேடி இரண்டு மூன்று பிள்ளைகளாவது வருவார்கள். "ஸேர், தொல்லியல் படிக்கலாமா?" என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே வாப்பாவோ உம்மாவோ வருவார்கள். "என்ன ஸேர், இவ்வளவு படிச்சிட்டு கடைசில மண் தோண்டவா போற?" என்று கேட்பார்கள்.

அது நியாயமான கேள்விதான். பிள்ளையின் சோற்றைப் பற்றிய கேள்வி. புத்தகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் மண் தோண்டியே சோறு சாப்பிடும் ஒருவரிடம் கேட்டோம்.

அவர் எங்களிடம் பத்தாம் ஆண்டு வரை படித்தவர். பிறகு குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனார். அங்கே தொல்லியலில் பட்டம் முடித்துவிட்டு, பதினொரு வருடமாக அதே துறையில் வேலை செய்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு வாரமாக, வேலை முடிந்து தங்குமிடத்துக்குத் திரும்பும் வழியில் வாட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பிக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு காலமும் எப்படி மகன் சலிக்காம இருக்கீங்க?"

சம்பளத்துக்குத் தோண்டுவது

தொல்லியலாளர் என்றதும் நமக்கு நினைவு வருவது சினிமாவில் வரும் தொப்பிக்காரர். அல்லது கம்பஸில் இருக்கும் பேராசிரியர். இவர் இரண்டும் இல்லை. இவர் ஒரு தொல்லியல் நிறுவனத்தின் ஊழியர்.

இங்கிலாந்தில் ஒருவர் வீடமைப்புத் திட்டமோ வீதியோ அலுவலகக் கட்டடமோ கட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மண்ணுக்கடியில் பழைய காலத்து எச்சங்கள் இருக்கக்கூடும் என்றால், கட்டுவதற்கு முன் அவற்றைத் தோண்டிப் பதிவு செய்யும்படி உள்ளூராட்சி நிர்வாகம் நிபந்தனை போடும். செலவு கட்டுபவருடையது. அந்த வேலையை விலைமனுப் போட்டு எடுத்துச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. இதற்குத்தான் வணிகத் தொல்லியல் என்று பெயர்.

இது திடீரென்று வந்ததல்ல. 1989இல் லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது, 1587இல் கட்டப்பட்ட ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளியே வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் மேடையேறிய இடம். நடிகர்களும் பொதுமக்களும் அங்கே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கடைசியில் கட்டடத்தின் வரைபடத்தையே மாற்றி, கீழே இருந்ததைக் காப்பாற்றினார்கள். அடுத்த வருடம், 1990 நவம்பரில், அரசாங்கம் திட்டமிடல் வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. மண்ணைக் குழப்பப் போகிறவர்தான் அதற்கடியில் இருப்பதற்கும் பொறுப்பு என்பதே அதன் சாரம். 1992இல் மோல்டாவின் வலெட்டா நகரில் ஐரோப்பிய நாடுகளும் இதே வழியில் ஒரு உடன்படிக்கை செய்தன. இன்று பிரித்தானியாவில் நடக்கும் அகழ்வுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

பெக்கோ வந்து அத்திவாரம் வெட்டுமுன் போய்த் தோண்டுபவர்கள் இவர்கள்.

ஒரு நாள் வேலை

விடியற்காலையில் வேனில் ஏறுவார்கள். பாதுகாப்புத் தொப்பி, இரும்பு முனைச் சப்பாத்து, மின்னும் மேலங்கி. கட்டடத் தொழிலாளிக்குரிய பாதுகாப்பு அட்டை இல்லாமல் பெரும்பாலான இடங்களில் உள்ளே விட மாட்டார்கள்.

முதலில் பல்லில்லாத வாளி பூட்டிய இயந்திரம் மேல்மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டும். தொல்லியலாளர் அதன் பக்கத்திலேயே நின்று மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார். மஞ்சள் களிமண்ணில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் கையைக் காட்டி நிறுத்துவார். அது மூவாயிரம் வருடத்துக்கு முன் யாரோ கம்பு நட்ட குழியாக இருக்கலாம். மரத்தின் வேர் ஓடிய இடமாகவும் இருக்கலாம்.

பிறகு மண்வெட்டி, பிக்காசு, மேசன்மார் பாவிக்கும் சின்னக் கரண்டி. குழியில் ஒரு பாதியை மட்டும் தோண்டுவார்கள். மற்றப் பாதி சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவரில் மண் படைபடையாகத் தெரியும். அதை அளந்து வரைவார்கள், படம் எடுப்பார்கள். ஒவ்வொரு மண் படைக்கும் ஒரு இலக்கமும் ஒரு தாளும் உண்டு. எது முன்னால் விழுந்தது, எது பின்னால் விழுந்தது என்று வரிசைப்படுத்த 1973இல் எட்வர்ட் ஹரிஸ் என்பவர் கண்டுபிடித்த ஒரு வரைபட முறை இருக்கிறது. இன்றும் அதையே பாவிக்கிறார்கள். கடைசியில் கொஞ்ச மண்ணை வாளிகளில் நிறைத்து, கழுவிச் சலித்துப் பார்க்க அனுப்புவார்கள். கருகிய ஒரு கோதுமை மணி அகப்பட்டால் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியும்.

வேலைத்தளத்தில் தொழுகை எப்படி என்று கேட்டோம். "கெபினுக்குப் பின்னால ஸேர். வுழூ எடுக்கிற தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்" என்றார். நோன்பு கோடையில் வந்த வருடங்களில் அங்கே பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நோற்க வேண்டியிருந்தது. அப்போது அவருடைய மேற்பார்வையாளர், மதியத்துக்குப் பிறகு அவரை வரையும் வேலைக்கும் ஓட்டுத்துண்டு கழுவும் வேலைக்கும் மாற்றிவிடுவாராம். மேற்பார்வையாளர் முஸ்லிம் அல்ல.

கசப்பான பக்கம்

இதை மறைத்துவிட்டு எழுதினால் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

சம்பளம் குறைவு. பட்டம் முடித்து வருபவரின் ஆரம்பச் சம்பளத்தைப் பார்த்தால், அதே தளத்தில் இயந்திரம் ஓட்டுபவர் கூட எடுப்பார். ஆரம்ப காலக் கொந்தராத்து மூன்று மாதம், ஆறு மாதம் என்றுதான் கிடைக்கும். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போய், வாடகை அறையில் நாலு பேரோடு தங்க வேண்டும். கலியாணம் முடித்து ஒரு இடத்தில் இருக்க நினைக்கும்போது பலர் இந்தத் துறையை விட்டுப் போய்விடுகிறார்கள். முழங்காலும் முதுகும் சீக்கிரமே தேயும். மழையில் நனைந்த களிமண் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு காலும் கல் கட்டின மாதிரிக் கனக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் தொழிலின் உயிர் கட்டடத் தொழிலின் கையில். 2008இல் பொருளாதாரம் விழுந்து கட்டட வேலைகள் நின்றபோது நிறையத் தொல்லியலாளர்கள் வேலை இழந்தார்கள். 2022இல் சீமெந்து விலை ஏறி நம் ஊர் மேசன்மார் வீட்டில் இருந்ததைப் பார்த்த நமக்கு இது விளங்கும்.

அவர் முதலில் வேலை செய்த நிறுவனத்தில், மூன்று கிழமை வேலையைப் பத்து நாளில் முடிக்கச் சொன்னார்களாம். குறைந்த விலை போட்டு எடுத்த வேலை. தோண்டாத குழிகளுக்கு மேலேயே கொங்கிரீட் ஊற்றினார்கள். "அன்னைக்கு ராவு நித்திர வரல்ல ஸேர். கனவுல கூட அந்தக் குழிதான்" என்றார்.

இவ்வளவும் கேட்ட பிறகு, "அப்ப ஏன் இன்னும் விடல்ல?" என்று கேட்டோம்.

அதற்கு அவர் சொன்னவைதான் இந்தப் பதிவை எழுத வைத்தன. எங்கள் வார்த்தையில் சுருக்கித் தருகிறோம்.

1. வெறும் குழியும் ஒரு பதில்

புதிதாகச் சேர்பவர்கள் முதல் வருடத்திலேயே மனம் சோர்ந்து போவது எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று காத்திருப்பதால். பரிசோதனைக்கு வெட்டும் நீளக் குழிகளில் பல ஒன்றுமே இல்லாமல் முடியும். நாள் முழுக்க மழையில் நின்று "எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு வர வேண்டும்.

ஆனால் அந்த "இல்லை"யும் ஒரு செய்தி. ரோமர் காலத்து ஊர் இந்த வேலியோடு முடிந்துவிட்டது, அடுத்த வயலுக்குப் போகவில்லை என்று அது சொல்லும். அடுத்த முறை வருபவருக்கு அது எல்லைக்கல். இது பழகிய பிறகுதான் தனக்கு வேலை பிடித்தது என்றார்.

எங்களுக்கும் இது விளங்கியது. ஆறாம் ஆண்டுக்கு அதே பாடத்தை வருடா வருடம் படிப்பிக்கிறோம். கம்பஸ் போகும் பிள்ளையை மட்டும் எதிர்பார்த்து வகுப்புக்குப் போகிற ஆசிரியர் நீண்ட காலம் தாக்குப்பிடிக்க மாட்டார்.

2. ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போவது

தோண்டுவதோடு மட்டும் நின்றவர்கள் முழங்கால் போனதும் நின்றுவிடுகிறார்கள். நிலைத்தவர்கள் பக்கத்தில் ஒரு கலையைக் கற்றவர்கள். சிலர் மட்பாண்டம், சிலர் எலும்பு, சிலர் விதைகள், சிலர் நில அளவையும் கணினி வரைபடமும். இவர் மட்பாண்டத்தை எடுத்தார். மழை நாளில், மதிய இடைவேளையில், மூத்த ஒருவர் பக்கத்தில் இருந்து விளிம்புத் துண்டுகளைத் தடவித் தடவிப் பழகினார். இப்போது வருடத்தில் பாதி நாள் கூரைக்குக் கீழேதான் வேலை.

3. வேலையைக் கடைசி வரை பார்ப்பது

தோண்டிவிட்டு அடுத்த தளத்துக்குப் போய்விட்டால், நாம் தோண்டியது என்ன ஆனது என்றே தெரியாது. அதுதான் மனதை உலர்த்தும். அறிக்கை வரும்போது கேட்டு வாங்கி வாசிப்பாராம். இந்த அறிக்கைகளில் பல கடையில் விற்கும் புத்தகமாக வருவதில்லை. ஆனால் யோர்க் நகரிலுள்ள தொல்லியல் தரவுச் சேவையில் ஆயிரக்கணக்கான அறிக்கைகளை யாரும் இலவசமாக வாசிக்கலாம். "நான் தோண்டின குழிட நம்பர் அதுல இருக்கும் ஸேர். நான் மௌத்தானாலும் இருக்கும்" என்றார்.

4. ஊராருக்குக் காட்டுவது

சில தளங்களில் ஒரு நாள் வேலியைத் திறந்து அயலவரைக் கூப்பிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். ஒரு பழைய ஓட்டுத்துண்டைக் கையில் கொடுத்து, அதில் பதிந்திருக்கும் குயவரின் விரல் அடையாளத்தில் அவர்களுடைய விரலை வைக்கச் சொல்வார். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு வந்தால் அடுத்த இரண்டு மாத மழையைத் தாங்கலாம் என்கிறார்.

5. தனியாக நிற்காமல் இருப்பது

ஆர்வம் இருக்கிறது என்பதற்காகக் குறைந்த சம்பளத்தைச் சகிக்க வேண்டியதில்லை. அங்கே தொல்லியலாளர்கள் தொழிற்சங்கத்தில் சேருகிறார்கள். அவர்களுடைய தொழில்சார் நிறுவகத்துக்கு 2014இல் அரச பட்டயம் கிடைத்தது. அது தொழில் ஒழுக்கத்துக்கும் தரத்துக்கும் விதிகள் வைத்திருக்கிறது. "புடிச்ச வேலதானே, சும்மா செய்" என்று சொல்கிறவனிடம் கவனமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய புத்திமதி. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல.

6. அமானிதம்

நாங்கள் பலமுறை திருப்பிக் கேட்ட வொய்ஸ் இது. கட்டடம் வரப்போகும் இடத்தில் தோண்டும்போது, தோண்டுபவரே அதை அழித்துக்கொண்டுதான் போகிறார். இரண்டாவது முறை பார்க்க முடியாது. ஒரே ஒரு தடவை மட்டும் வாய் திறக்கும் சாட்சி அது. கேட்பவர் கவனமில்லாமல் இருந்தால், அல்லது சோம்பலில் ஒரு அளவைத் தவறாக எழுதினால், அதைத் திருத்த உலகத்தில் யாராலும் முடியாது. பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அல்லாஹ் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

"சலிப்பு வாற நேரம் இத நினைப்பன் ஸேர். இந்த மனிசர்ட வீட்ட கடைசியாப் பாக்கிறவன் நான். நான் எழுதாட்டி அவங்க இருந்ததே இல்ல."

இப்படிப்பட்டவர்கள் கண்டவை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில், செங்கல்லுக்குக் களிமண் எடுக்கும் மஸ்ட் பார்ம் என்ற இடத்தில் 2015-16இல் தோண்டினார்கள். சுமார் மூவாயிரம் வருடங்களுக்கு முன் தண்ணீருக்கு மேல் கம்பு நட்டுக் கட்டிய வீடுகள், தீப்பிடித்து அப்படியே சேற்றுக்குள் விழுந்திருந்தன. சாப்பாடு ஒட்டிய பாத்திரத்துக்குள் அகப்பை அப்படியே கிடந்தது. சாப்பிட்டு முடிக்க முன் எழும்பி ஓடிய ஒருவருடைய பாத்திரம்.

லண்டன் நகர மத்தியில் புளூம்பேர்க் நிறுவனத்தின் கட்டடத்துக்காகத் தோண்டியபோது, ரோமர் காலத்து மரப்பலகைகள் 400க்கு மேல் கிடைத்தன. மெழுகு பூசி எழுதும் பலகைகள். மெழுகு போய்விட்டது. எழுத்தாணி மரத்தில் கீறிய தடம் மிஞ்சியிருந்தது. சேறு காற்றை உள்ளே விடாததால் மரம் உக்கவில்லை. அதில் ஒன்றில் கி.பி. 57 ஜனவரி 8 என்று திகதி இருக்கிறது. வாங்கிய சரக்குக்கு 105 தெனாரி காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம். குர்ஆனில் மிக நீளமான வசனமே கடனை எழுதி வையுங்கள் என்று சொல்லும் வசனம்தான். அந்தப் பலகையை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

இனி நமக்கு இன்னும் நெருக்கமான இரண்டு.

பிரான்சின் நீம் நகரில் 2006-07இல் நிலத்தடி வாகனத் தரிப்பிடம் கட்டுமுன் தோண்டினார்கள். தோண்டியது இந்த வேலைக்கென்றே உள்ள அரச நிறுவனம். மூன்று கப்றுகளில் உடல்கள் வலப்பக்கம் சாய்த்து, முகம் கிப்லாவை நோக்கி வைக்கப்பட்டிருந்தன. காலக்கணிப்பு 7ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் என்று வந்தது. 2016இல் ஆய்வு வெளியானது. பிரான்சில் அடையாளம் காணப்பட்ட மிகப் பழைய முஸ்லிம் கப்றுகள் அவை.

ஸ்பெயினில் தௌஸ்தே என்ற சிறு ஊரில் 2020இல் வீதி விரிவாக்க வேலை நடந்தது. ஒரு தனியார் தொல்லியல் நிறுவனம் தோண்டியபோது 400க்கும் மேற்பட்ட முஸ்லிம் கப்றுகள் வெளிவந்தன. அந்த ஊரில் முஸ்லிம்கள் பெரிதாக வாழ்ந்ததில்லை என்றே நெடுங்காலமாக நம்பியிருந்தார்கள். வரிசை வரிசையாக, எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

தோண்டியவர்கள் முஸ்லிம்கள் என்பதற்காக இது வெளியே வரவில்லை. தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். மண் என்ன சொன்னதோ அதை எழுதினார்கள்.

(கப்றுகளைத் தோண்டுவது பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. உலமாக்களிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் மனித எச்சங்களைத் தோண்டியெடுக்க 1857ஆம் ஆண்டு அடக்கச் சட்டத்தின் கீழ் நீதி அமைச்சின் அனுமதி வேண்டும் என்பதை மட்டும் தகவலுக்காகச் சொல்கிறோம்.)

நம் நாட்டுக்கு வருவோம்

இது வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம்.

1911இல் காலியில் ஒரு ஆங்கிலேயப் பொறியியலாளர் வீதி மதகொன்றை மூடிக் கிடந்த கல்லைக் கவனித்தார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுத்து இருந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட கல். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவர விஷ்ணுவுக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் செய்த காணிக்கையைச் சொல்கிறது. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. மதகில் கிடந்த காலமெல்லாம் அதன் மேலால் எத்தனை பேர் போயிருப்பார்கள்!

சட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1998இல் திருத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி, கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியில், அதாவது ஏறத்தாழ 100 பேர்ச்சுக்கு மேல், அபிவிருத்தி வேலை செய்வதானால் முதலில் தொல்லியல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அதிவேக வீதிக்கும் ஹோட்டலுக்கும் இது வேண்டும். ஆக, தோண்டிப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை இங்கேயும் இருக்கிறது. அதைச் செய்யும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்த ஆட்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

2018இல் மன்னாரில் சதொச கட்டடத்துக்காகத் தோண்டிய மண்ணில் மனித எலும்புகள் தென்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அந்தக் குழிக்குள் இறங்கியவர்களில் சட்ட வைத்தியரோடு தொல்லியலாளரும் இருந்தார். எந்த உடல் எந்தப் படையில் கிடந்தது, எது முன், எது பின் என்று பார்க்கும் கண் அவருடையது. காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கும் ஒரு நாட்டில் அந்தக் கண்ணின் பெறுமதியை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இப்போது கசப்பான விடயம். கிழக்கில் "தொல்பொருள்" என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. மஞ்சள் பலகை நட்டால் காணி போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்காக ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, அதில் ஒரு முஸ்லிமோ ஒரு தமிழரோ இருக்கவில்லை. நாம் எல்லோரும் முகநூலில் எழுதினோம். அறிக்கை விட்டோம். எழுத வேண்டியதுதான்.

ஆனால் பயத்தினால் நாம் இன்னொன்றும் செய்கிறோம். கிணறு வெட்டும்போது பழைய ஓட்டுத்துண்டோ எழுத்துள்ள கல்லோ வந்தால், சத்தமில்லாமல் மூடிவிடுகிறோம். பழைய பள்ளியை உடைத்துப் புதுப்பள்ளி கட்டும்போது, பழைய மீஸான் கல்லையும் மரத்தூணையும் ஒரு படம் கூட எடுக்காமல் லொறியில் ஏற்றிவிடுகிறோம். பிறகு "இவர்கள் இங்கே எப்போது வந்தார்கள்?" என்று யாராவது கேட்டால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறோம்.

அந்த மேசையில் நமக்கும் ஒரு கதிரை வேண்டும் என்று கேட்கிறோம். கதிரை கிடைத்தால் அதில் உட்கார ஆள் வேண்டாமா? மண்ணை வாசிக்கத் தெரிந்த, அறிக்கை எழுதத் தெரிந்த, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கதைக்கத் தெரிந்த ஆள். நமக்குச் சாதகமாகப் பொய் எழுதும் ஆள் நமக்கு வேண்டாம். எந்தச் சமூகத்தின் எச்சம் வந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதும் ஆள்தான் வேண்டும். அப்படிப்பட்டவருடைய சொல்லைத்தான் நாளைக்கு மற்றவர்களும் நம்புவார்கள்.

பெற்றோருக்கு

எல்லாப் பிள்ளையையும் தொல்லியலுக்கு அனுப்புங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இது பணக்காரத் தொழில் அல்ல. ஆனால் கேட்டு வரும் அந்த ஒரு பிள்ளையை, "மண் தோண்டவா?" என்று சிரித்துத் திருப்பி அனுப்பாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியலைத் தமிழில் படிக்கலாம். பேராதனையிலும் களனியிலும் துறைகள் இருக்கின்றன. களனியோடு சேர்ந்த பட்டப்பின்படிப்பு நிறுவனம் கொழும்பில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு

சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். வரையப் பழகுங்கள். கணினி வரைபடம் பழகுங்கள். புவியியலை விட்டுவிடாதீர்கள். புதையல் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள்; முதல் மாரியிலேயே திரும்பி வந்துவிடுவீர்கள். அங்கே உள்ளவர் பதினொரு வருடமாகத் தங்கக்காசு ஒன்றும் எடுத்ததில்லை. எடுத்தது எலும்பும் ஓடும் கருகிய விதையும்தான். இந்த மாதமும் மழைக்குள் ஒரு வீடமைப்புத் திட்டத்துக்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்.

ஊருக்கு

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழைய மீஸான் கல், பழைய உறுதி, பழைய கிணற்றுக்கட்டு எது இருந்தாலும் உடைக்குமுன் நாலு பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுங்கள், அளவு தெரியட்டும். எந்த இடம், என்ன திகதி என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இதை ஒரு கொப்பியில் தொடங்கினால், எழுதிக் கொடுக்க எங்கள் மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

வரும் தவணை விடுமுறையில் உயர்தர மாணவர்களைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப்போய் அந்த மும்மொழிக் கல்லைக் காட்ட நினைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பஸ் செலவில் பங்கெடுக்க விரும்புபவர்கள் பாடசாலையில் எங்களைச் சந்திக்கலாம். இந்தத் துறையில் வேலை செய்யும் நம்மவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு நாள் வந்து பிள்ளைகளோடு கதைக்க முடியுமா என்று கீழே எழுதுங்கள்.

அந்தத் தம்பியின் முழங்காலுக்கும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.